ஸ்டெப்ஃபோர்டு பெண்கள் தோற்கிறார்களே, அது எப்படிப் பெண்ணிய நாவல்?

கேள்வி: ஐரா லெவின் எழுதிய 'தி ஸ்டெப்ஃபோர்டு வைவ்ஸ்' பற்றி எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேச இருக்கிறேன். வீட்டுவேலையைத் தவிர வேறெதுவும் தெரியாத பொம்மைகளாகப் பெண்கள் மாற்றப்படுகிறார்கள், யாரும் தப்பவில்லை. இதில் பெண்ணியம் எங்கே? பேச்சை எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: நாயகி ஜோவன்னாவை விட, அவள் கணவன் வால்ட்டரிடமிருந்து தொடங்குங்கள். 1972-இல் வந்த இந்த நாவலில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டெப்ஃபோர்டு என்ற சிற்றூருக்குக் குடிவரும் ஜோவன்னா ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறாள்: பெண்விடுதலை இயக்கத்தில் தனக்கு ஆர்வம் உண்டு, கணவருக்கும் உண்டு. அந்த வால்ட்டர்தான் பெண்களைச் சேர்க்காத ஆண்கள் சங்கத்தில் சேர்கிறான். உள்ளேயிருந்தே அதை மாற்றலாமாம்! அவன் அடிப்பவனோ மிரட்டுபவனோ இல்லை. நல்லவனாகவே பேசிக்கொண்டு மனைவியைக் கைவிடுகிறான். லெவினின் அங்கதம் குறிவைப்பது இப்படிப்பட்டவர்களைத்தான்.

அப்புறம், பழைய செய்தித்தாளில் ஜோவன்னா கண்டுபிடிக்கும் விஷயத்துக்கு நிறைய நேரம் கொடுங்கள். என் பார்வையில் நாவலின் இதயமே அதுதான். இன்று தரையை மெழுகிக்கொண்டிருக்கும் இதே பெண்கள் சில ஆண்டுகளுக்கு முன் மகளிர் மன்றம் நடத்தியவர்கள். 1963-இல் அமெரிக்க இல்லத்தரசிகளின் மன இறுக்கத்தைப் பற்றி நூல் எழுதிய பெட்டி ஃப்ரீடன் அங்கே வந்து உரையாற்றியதாகக் கதை சொல்கிறது. ஆக, ஸ்டெப்ஃபோர்டு பெண்ணியம் எட்டாத பட்டிக்காடு அல்ல. அது எட்டிய பிறகு, பயந்துபோன ஆண்கள் கொடுத்த பதிலடிதான் இந்தக் கதை. பெண்களின் தோல்வியை அந்தக் கோணத்தில் பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

ஒரு குறையையும் மறைக்காமல் பேசுங்கள். வீட்டுவேலையை மனதார விரும்பும் பெண்ணுக்கு இந்த நாவலில் இடமே இல்லை. அதை யாராவது கேட்டால், நியாயமான கேள்விதான்.

கூட்டத்தில் சிலர் 1975-இல் வந்த படத்தை மட்டும் பார்த்திருப்பார்கள். ஜோவன்னாவின் இடத்தைப் பிடிக்கப்போகும் இயந்திர உருவத்தைப் படம் நேரடியாகவே காட்டிவிடுகிறது. நாவல் அப்படிக் காட்டாது; தோழி பாபி சமையலறையில் கத்தியோடு நிற்கும் இடத்தில் காட்சியை நிறுத்திவிடும். அதனால் அந்தச் சமையலறைக் காட்சியைப் புத்தகத்திலிருந்தே எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு விவாதத்தைத் தொடங்குங்கள்.