ஐந்து கருவிக்கு ஐந்து ஆப்: பெட்டியில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ஸ்மார்ட் பல்பு, பிளக், கதவுப் பூட்டு என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தேன். எல்லாம் வேறு வேறு கம்பெனி. ஒவ்வொன்றுக்கும் தனி ஆப். 'மேட்டர்' முத்திரை உள்ளதை வாங்கினால் இந்தத் தொல்லை தீரும் என்கிறார்களே, உண்மையா? பழையதை எல்லாம் தூக்கிப் போட வேண்டுமா?

பதில்: பெருமளவு தீரும், முழுக்கத் தீராது. பழையதைத் தூக்கிப் போட அவசரப்படாதீர்கள்.

அமேசான், ஆப்பிள், கூகுள் மூன்றும் ஆளுக்கொரு முத்திரை குத்திக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 2019 டிசம்பரில் அவர்களும், 'ஜிக்பீ' என்ற ரேடியோ முறையைக் கவனித்துவந்த ஜிக்பீ அலையன்ஸ் என்ற அமைப்பும் சேர்ந்து பொதுவான தரநிலை ஒன்றை உருவாக்கப் போவதாக அறிவித்தார்கள். 2021இல் அதற்கு மேட்டர் என்று பெயர் வைத்தார்கள். முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. (போட்டியாளர்களைச் சேர்த்துவைத்தது நல்லெண்ணம் அல்ல, குழம்பிப்போய் வாங்காமல் திரும்பிய வாடிக்கையாளர்கள்தான் என்பது என் கணிப்பு.)

முத்திரை இருந்தால் என்ன கிடைக்கும்? ஒரே பல்பை இரண்டு மூன்று கம்பெனிகளின் ஆப்பில் ஒரே சமயத்தில் சேர்க்கலாம். கட்டளை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே போய்வரும் என்பதால், இன்டர்நெட் அறுந்தாலும் வீட்டுக்குள்ளிருந்து விளக்கைப் போடலாம். ஆனால் உறுதி அடிப்படை வேலைகளுக்கு மட்டும்தான். பல்பு எரியும், அணையும், நிறம் மாறும். கம்பெனி பெட்டியில் பீற்றிக்கொள்ளும் சிறப்பு விளைவுகளுக்கு அதன் சொந்த ஆப்தான் கதி. கருவி வகையையும் பாருங்கள்: வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் போன்றவை 2023இல் வந்த 1.2 பதிப்பில்தான் சேர்ந்தன.

பலர் ஏமாறும் இடம் இனிமேல்தான். மேட்டர் என்பது கருவிகள் பேசும் மொழி. அது வைஃபையிலும் போகும், 'த்ரெட்' என்ற ரேடியோ வழியாகவும் போகும். பெட்டியில் த்ரெட் என்றிருந்தால், அந்தக் கருவிகளை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் த்ரெட் பார்டர் ரௌட்டர் ஒன்று வீட்டில் இருந்தாக வேண்டும். சில ஸ்மார்ட் ஸ்பீக்கர்களிலும் டிவி பெட்டிகளிலும் அது உள்ளேயே இருக்கும், எல்லாவற்றிலும் இருக்காது. இதைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். பேட்டரியில் ஓடும் சென்சாருக்கும் பூட்டுக்கும் த்ரெட்தான் நல்லது, மின்சாரம் குறைவாகத் தின்னும். பிளக் போன்று எந்நேரமும் மின் இணைப்பில் இருப்பதற்கு வைஃபை போதும்.

பழைய ஜிக்பீ பல்புகளுக்குத் தனி 'பிரிட்ஜ்' (பல்புகளை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் சின்னப் பெட்டி) இருக்கிறதா? சில கம்பெனிகள் பிரிட்ஜுக்கு மட்டும் சாஃப்ட்வேர் அப்டேட் கொடுத்து, அதன் கீழுள்ள பல்புகளை மேட்டருக்குக் காட்டுகின்றன. பிலிப்ஸ் ஹ்யூ அப்படிச் செய்தது. உங்களுடையதற்கு அப்டேட் உண்டா என்று பார்த்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.

கருவியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடையும் 11 இலக்க எண்ணையும் மாட்டுவதற்கு முன்பே போட்டோ எடுத்துவையுங்கள். ரீசெட் செய்தபின் அந்த எண் இல்லாமல் மறுபடி சேர்க்க முடியாது. பல்பை மாட்டிய பிறகு ஸ்டிக்கரை யார் ஏணி போட்டுப் பார்ப்பது?

கேள்வி: வைஃபை எட்டாத அறைக்கு வேறு பிராண்டு மெஷ் ரௌட்டர் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் வகை) வாங்கி, இருப்பதோடு சேர்க்கலாமா?

பதில்: வைஃபை அலையன்ஸ் 2018இல் கொண்டுவந்த 'ஈஸிமெஷ்' இதற்காகவே உண்டானது. இரண்டு பெட்டியிலும் அந்தச் சான்று இருந்தால் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். 'மெஷ்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது கம்பெனியின் சொந்த முறையாக இருக்கலாம். நானாக இருந்தால் ஒரே பிராண்டில், ஒரே வரிசையில் வாங்குவேன். தகராறு வந்தால் இரண்டு கம்பெனிகளும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள்.

கேள்வி: மின்கம்பி வழியாக நெட் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டர் ஒன்று பழுதாகிவிட்டது. ஜோடிக்கு எதையாவது வாங்கலாமா?

பதில்: கூடாது. பழையவை பெரும்பாலும் 'ஹோம்பிளக்', புதியவற்றில் பல 'ஜி.எச்.என்'. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. மிச்சமிருக்கும் அடாப்டரின் பின்பக்கம் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் புது ஜோடியாக வாங்குவதுதான் வழி.