எலுமிச்சை உப்பில் எலுமிச்சை உண்டா?

அன்புள்ள ஐயா,

வீட்டில் பனீர் செய்யப் பாலைத் திரிக்க எலுமிச்சை உப்புதான் வாங்குவேன். அதைக் கறுப்புப் பூஞ்சையிலிருந்து எடுக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? இட்லி மாவு புளிப்பதும் இதே கதைதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

செய்தி உண்மைதான், பயம்தான் வேண்டாதது. 2021-இல் கொரோனாவோடு சேர்ந்து பீதி கிளப்பிய கறுப்புப் பூஞ்சை வேறு இனம். இது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர். வெங்காயம் உரிக்கும்போது கரித்தூள் மாதிரி கையில் ஒட்டுமே, பெரும்பாலும் அதுதான். பாக்கெட்டில் இருப்பது பூஞ்சையல்ல. அது வெளியே விட்ட சிட்ரிக் அமிலம், வடிகட்டிச் சுத்தம் செய்து படிகமாக்கியது.

பெயர் பழைய உறவு. 1784-இல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே இதை எலுமிச்சைச் சாற்றிலிருந்துதான் பிரித்தார். அப்புறம் நெடுங்காலம் இத்தாலியத் தோப்புகளை நம்பியே தொழில் நடந்தது. 1917-இல் அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் கர்ரி, சர்க்கரைக் கரைசலை முதலிலேயே புளிப்பாக்கிவிட்டு இந்தப் பூஞ்சையை வளர்க்கலாம் என்று காட்டினார். அந்தப் புளிப்பில் மற்ற கிருமிகள் தலைதூக்காது. இரண்டே வருடத்தில் ஃபைசர் மருந்து நிறுவனம் நியூயார்க்கின் புரூக்ளினில் தயாரிப்பைத் தொடங்கிவிட்டது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். பூஞ்சை செழித்து வளர்ந்தால் அமிலம் கிடைக்காது. லிட்டருக்கு 150 கிராம் போலச் சர்க்கரை, தாராளமாகக் காற்று, எல்லாம் உண்டு. மாங்கனீசு என்ற உலோகம் மட்டும் கிட்டத்தட்டப் பட்டினி: லிட்டருக்குச் சில மைக்ரோகிராம். அது இல்லாமல் பூஞ்சையால் நீளமாக இழைவிட முடியாது. குட்டையாகத் தடித்து, சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரளும். உடம்பு வளர்க்க வழியில்லாத சர்க்கரை அமிலமாக வெளியே கொட்டும். சர்க்கரைக்குப் பதில் மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) பயன்படுத்தினால், அதில் உலோகம் அதிகம் என்பதால் ஃபெர்ரோசயனைடு என்ற வேதிப்பொருளைச் சேர்த்து உலோகத்தை முதலில் அடியில் படிய வைத்துவிடுவார்கள். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 2 பக்கம் நிற்க வேண்டும். 5-க்கு மேல் போனால் அதே பூஞ்சை ஆக்சாலிக் அமிலத்துக்குத் தாவிவிடும். சிறுநீரகக் கல்லில் வருகிற ஆக்சலேட்டின் அமிலம்தான் அது. யாருக்கு வேண்டும்!

இட்லி மாவு வேறு கதை. அங்கே புளிக்க வைப்பது பாக்டீரியா, கிடைப்பது லாக்டிக் அமிலம். பூஞ்சை கண்ணில் பட்டால் மாவைக் கொட்ட வேண்டியதுதான்.

சரி, பனீருக்கு வருகிறேன். லிட்டர் பாலுக்கு அரை டீஸ்பூன் எலுமிச்சை உப்பு போதும். அப்படியே தூவாமல், வெந்நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.