கலங்கல் ஆற்றில் இறங்கி மீன் பிடிப்பவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நீங்கள் நீச்சல் தெரிந்தவராகத்தான் இருப்பீர்கள். தெரியாதவர் கரையிலேயே தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கும் நீச்சல் தெரியும். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரே படித்துறையில் முப்பது வருடம் குளித்தவன். அந்தத் தைரியம்தான் என்னைக் கசத்தில், ஆற்றின் ஆழமான பள்ளத்தில், கொண்டுபோய் விட்டது.

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தாமிரபரணி இன்னும் செம்மண் கரைசலாகவே போய்க்கொண்டிருந்தது. மாமா கரையில் நிற்க, நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சு வலை வீசினேன். வலை அடியில் ஏதோ மருத மரத்து வேரில் மாட்டிக்கொண்டது. விடுவிக்கப் போனேன். மூன்றாவது எட்டில் தரை இல்லை. போன கோடையில் கணுக்கால் நனைய நடந்த மணல் திட்டு அது. வெள்ளம் வாரிக்கொண்டு போயிருந்தது. வலைக்கயிற்றை மணிக்கட்டில் சுருக்குப் போட்டிருந்தேன். வலை ஒரு பக்கம் பிடிக்க, ஆறு மறுபக்கம் இழுத்தது. நனைந்த சுருக்கு அவிழவில்லை. கைலி வேறு இரண்டு காலையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. நீந்த எதை அசைப்பது?

"மருமகனே, கம்பைப் பிடி!" என்று மாமா மூங்கில் கம்பை நீட்டிக்கொண்டே முழங்கால் வரை இறங்கினார். எட்டிப் பிடித்தேன். என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, மடியில் இருந்த கத்தியால் கயிற்றை அறுத்தார். மணிக்கட்டில் கறுத்த தடம் பத்து நாள் இருந்தது.

ஆகவே முதலில், போன வருட ஆற்றை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அடித்தரை புதிது. கம்பை முன்னால் ஊன்றிப் பார்த்து, காலைத் தூக்காமல் தேய்த்து நடங்கள். முழங்காலுக்கு மேல் வேண்டாம். இடுப்புக்கு வந்தால் உடம்பு எடை இழக்கும், இழுப்பு உங்களைத் தூக்கிவிடும். கைலி வேண்டாம், அரைக்கால் சட்டை போதும். கயிற்று முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். நம் ஊரில் வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்யும், பாபநாசம் அணையிலோ மணிமுத்தாறு அணையிலோ தண்ணீர் திறப்பார்கள். குச்சியில் தண்ணீர் ஏறினால் உடனே கரையேறுங்கள். காலில் புண் இருக்கிறதா, அன்று இறங்கவே வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும். கெளுத்தியை வலைக்குள் கைவிட்டுத் துழாவாதீர்கள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள் அதற்கு.

"பரம்பரையாக ஆற்றில் இறங்குகிறவர்களுக்கு நீ பாடம் எடுக்கிறாயா?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களிடம் கற்றதைத்தான் சொல்கிறேன். அன்று என்னைக் கரையேற்றியவரும் அப்படி இறங்கிப் பழகியவர்தான். ஆற்றுக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் இன்றுவரை போகிறேன்.

ஏப்ரலில் தண்ணீர் தெளிந்ததும் போய் வலையை எடுத்தோம். பாதி கிழிந்திருந்தது. அதில் இரண்டு பழைய சேலையும் ஒரு வேட்டியும் சுற்றியிருந்தன. பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விடுகிறார்களே, அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் பாவத்தை ஏன் எங்கள் காலில் கட்டுகிறீர்கள்? குளியுங்கள், கும்பிடுங்கள், ஈரத்துணியைப் பிழிந்து வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.