லோ கார்ப் உணவுமுறையில் இருப்பவர் தம்பி திருமணத்தில் ஒருநாள் விருந்து சாப்பிட்டால் எல்லாம் வீணாகிவிடுமா?

கேள்வி கேட்டவர் ஏழு மாதங்களாக மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட்டு ஒன்பது கிலோ எடை குறைத்திருக்கிறார். அடுத்த மாதம் அவருடைய தம்பிக்குத் திருமணம். அன்று மட்டும் எல்லோருடனும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் பட்ட பாடெல்லாம் போய்விடுமா என்பது அவருடைய அச்சம். போகாது என்பதே என் பதில். ஆனால் விருந்துக்கு அடுத்த நாள் காலையில் அவர் என்ன சாப்பிடுகிறார் என்பதைப் பொறுத்துப் போகவும் கூடும். நான் முதல் முறை அந்த இடத்தில்தான் சறுக்கினேன்.

2019ஆம் ஆண்டு எனக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.2 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை உள்ள அளவு நீரிழிவுக்கு முந்தைய நிலை. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் மாவுச்சத்து என்ற கணக்கில் தொடங்கினேன். நாங்கள் சைவக் குடும்பம். எங்கள் வீட்டுச் சமையலறையில் முட்டைக்கென்று தனி வாணலி, தனிக் கரண்டி எல்லாம் வந்தது அதற்குப் பிறகுதான். முட்டை, பனீர், கீரை, தேங்காய், மோர், பேலியோ என்ற பெயரில் மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமான அந்த நெய்யில் வறுத்த 100 பாதாம் என்று நான்கு மாதங்கள் ஒழுங்காகப் போயின. அதன் பிறகு தீபாவளி வந்தது.

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு அதிரசம் எடுத்தேன். பச்சரிசி மாவும் வெல்லப்பாகும் சேர்ந்த பண்டம் அது. ஒன்றோடு நிறுத்தியிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால், 'இன்றைய கணக்கு எப்படியும் போய்விட்டது, போனது போகட்டும்' என்று மனம் சொன்னது. மைசூர்பாகு, முறுக்கு, மதியம் சாம்பார் சாதம், மாலையில் பக்கத்து வீட்டுத் தட்டு என்று அது மூன்று நாள் நீண்டது. நான்காம் நாள் காலையில் எடை பார்க்கும் கருவி 2.4 கிலோ கூடுதலாகக் காட்டியது. நான்கு மாத உழைப்பில் பாதி மூன்று நாளில் போயிற்று என்று நம்பிவிட்டேன். அந்த வெறுப்பில் இட்லிக்கும் தோசைக்கும் திரும்பி, ஐந்து வாரம் கழித்துத்தான் தெளிந்தேன். அந்த ஐந்து வாரத்தில் ஏறிய எடை உண்மையிலேயே கொழுப்பு. அதைக் குறைக்க மேலும் மூன்று மாதம் ஆயிற்று.

அந்த 2.4 கிலோ என்ன என்பது அப்போதே தெரிந்திருந்தால் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டேன். நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராமும் தசைகளில் 400 கிராம் அளவும் சேமிக்க இடம் உண்டு. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் மூன்று கிராம் நீர் சேர்ந்து தங்குகிறது. மாவுச்சத்தைக் குறைத்தவர்களின் உடலில் இந்தச் சேமிப்பு எப்போதும் பாதி காலியாகவே இருக்கும் என்பதால், ஒருநாள் விருந்து கிடைத்தவுடன் அது நிரம்புகிறது, நீரும் கூடவே வருகிறது, பலகாரத்தின் உப்பு இன்னும் கொஞ்சம் நீரைப் பிடித்துவைக்கிறது. மாறாக, ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உண்ண வேண்டும். மூன்று நாளில் 2.4 கிலோ கொழுப்பு ஏற நான் 18,000 கலோரி அதிகமாகத் தின்றிருக்க வேண்டும், அதற்கு எங்கள் தெரு முழுவதும் கூடி உதவியிருந்தாலும் முடிந்திருக்காது. பழைய உணவுக்குத் திரும்பிய ஐந்தாறு நாளில் அந்த நீர் தானாக இறங்கிவிடும். ஆகவே விருந்துக்குப் பிறகு ஒரு வாரத்துக்கு எடை பார்க்கும் கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

இரண்டாவது சோதனை என் அக்கா மகளின் திருமணம். திருநெல்வேலி டவுணில் நடந்தது. தாய்மாமன் என்பதால் ஒதுங்கி நிற்கவும் முடியாது, இலையை மறுக்கவும் முடியாது. இந்த முறை முன்கூட்டியே ஒரு முடிவு எடுத்துவைத்தேன். முகூர்த்தச் சாப்பாட்டின் லட்டு, வடை, பாயசம் எதுவும் வேண்டாம், மறுவீட்டு நாளில் வைக்கும் தேங்காய்ப்பால் குழம்பான சொதி மட்டும் வேண்டும் என்பதே அந்த முடிவு. லட்டு சென்னையில் எந்தத் தெருவிலும் கிடைக்கும். ஆனால் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் நெல்லைச் சொதி, அதுவும் ஆச்சி காலத்திலிருந்து எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வரும் சமையல்காரரான தவசுப்பிள்ளையின் கையால், எனக்கு ஆண்டுக்கு ஒருமுறை கிடைத்தாலே அதிகம். சிறப்பு நாள் என்பதற்காக இலையில் உள்ள எல்லாம் சிறப்பாகிவிடாது. எங்கும் கிடைக்கும் பண்டத்துக்கு அந்த நாளைச் செலவழிப்பது எனக்கு நட்டமாகவே தோன்றுகிறது.

முகூர்த்தத்தன்று அக்கா பந்தியில் என் பின்னால் வந்து நின்று, "தாய்மாமன் இலையில இனிப்பு இல்லாம இருந்தா சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?" என்றாள். அவள் சொன்னது நியாயம். அதனால் பரிமாறியவரைத் தடுக்கவில்லை. லட்டு இலையில் விழுந்தது. நான் கை வைப்பதற்கு முன்பே அது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மகனின் இலைக்குப் போய்விட்டது. மறுத்துப் பேசினால் பத்துப் பேர் கவனிப்பார்கள், பேசாமல் இடம் மாற்றினால் ஒருவரும் கவனிப்பதில்லை. யாராவது கேட்டே விட்டால், டயட் என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள், அதைக் கேட்டதும் உறவினர் எல்லோருக்கும் உங்களைத் திருத்தும் பொறுப்பு வந்துவிடும். "கொஞ்சம் சுகர் இருக்கு" என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். என் விஷயத்தில் அது முழுப் பொய்யும் இல்லை.

மறுநாள் காலையில் மண்டபத்தின் பின்கட்டுக்குப் போய்ச் சொதி வைப்பதை நின்று பார்த்தேன். துருவிய தேங்காயிலிருந்து மூன்று முறை பால் எடுக்கிறார்கள். மூன்றாம் பாலில் முருங்கைக்காய், பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு வேகிறது. இரண்டாம் பாலும் குழைய வேகவைத்த பாசிப்பருப்பும் அதில் சேர்கின்றன. கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கூடியதும், கொதிக்கவிடாமல் அண்டாவை இறக்கிவிட்டு, எலுமிச்சம்பழம் பிழிகிறார் தவசுப்பிள்ளை. பார்த்துக்கொண்டிருந்தபோதே எனக்கு ஒன்று விளங்கியது. நான் இவ்வளவு ஏங்கிய பண்டத்தில் பெரும்பகுதி தேங்காய்ப்பால். உருளைக்கிழங்கை ஒதுக்கினால், பருப்பில் உள்ள சிறிதளவைத் தவிர, அஞ்சுவதற்கு அதில் ஒன்றுமில்லை. கணக்கைக் கெடுப்பது அதற்கு அடியில் இருக்கும் சோறு. வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நம் பந்தியில் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை சோறு விழும். பாயசத்தையும் பழத்தையும் இனிப்பையும் சேர்த்தால் ஒரு முழு விருந்து 200 கிராம் மாவுச்சத்துக்கு எளிதாகப் போய்விடும். சொதிச் சாப்பாட்டில் சாம்பாரும் ரசமும் இல்லாததே எனக்குப் பாதி உதவியாயிற்று.

காலையில் இரண்டு முட்டையைத் தின்றுவிட்டுத்தான் பந்திக்குப் போனேன். விருந்துக்காக வயிற்றைக் காயப்போடுவது தவறான யோசனை, பசித்தவன் கை கணக்குப் பார்க்காது. இலையில் முதலில் கூட்டையும் பொரியலையும் முடித்தேன், பிறகு சொதியில் கிடந்த காய்களைத் தனியாக எடுத்து உண்டேன், கடைசியில்தான் சோற்றில் கை வைத்தேன். காயும் புரதமும் முதலில் போய், மாவுச்சத்து கடைசியில் போனால், இரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்பது ஆய்வுகளில் தெரியவந்த செய்தி. ஒரு கரண்டி போதும் என்று சொன்ன பிறகும் இரண்டாவது கரண்டி வந்துகொண்டே இருக்கும் என்பதால், இரு கைகளையும் இலைக்கு மேல் விரித்துக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இஞ்சித் துவையலில் வெல்லம் உண்டு என்று தெரிந்தேதான் விரும்பித் தொட்டுக்கொண்டேன். அந்த அரைமணி நேரத்தில் எனக்குக் குற்ற உணர்ச்சி துளியும் வரவில்லை.

கை கழுவியதும் நெல்லையப்பர் கோயிலின் ரத வீதிகளைச் சுற்றி 25 நிமிடம் நடந்தேன். உண்டவுடன் நடப்பதால் தசைகள் சர்க்கரையை நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. கீழ ரத வீதியில் இருட்டுக்கடையையும் கடந்தேன், நல்ல வேளையாக அது மாலையில்தான் திறக்கும். சாப்பாட்டுக்கு முன் 98 (மி.கி./டெ.லி.) ஆக இருந்த இரத்தச் சர்க்கரை ஒரு மணி நேரத்தில் 152 ஆகவும் இரண்டு மணி நேரத்தில் 121 ஆகவும் இருந்தது. பழைய தீபாவளியன்று நான் பார்த்த 214 நினைவுக்கு வந்தது.

அந்த 214ஐப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல மாதம் மாவுச்சத்தைக் குறைத்த உடல் கொழுப்பை எரிக்கப் பழகியிருப்பதால், திடீரென்று வரும் பெரும் சர்க்கரையைக் கையாள அதற்குச் சற்று நேரமாகும், அதனால் எண் வழக்கத்தைவிட மேலே போகும். குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனைக்கு முன் மூன்று நாள் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து உண்ணச் சொல்வது இதற்காகத்தான். ஆகவே விருந்து நாளின் ஒரே ஒரு எண்ணை வைத்து நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஆனால் இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்களுக்கு என் அனுபவம் பொருந்தாது. விருந்துக்காக அளவைத் தாமாகக் கூட்டுவதும், மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டுவதும் சர்க்கரையை ஆபத்தாகத் தாழ்த்திவிடலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைப்பதே மருத்துவரின் கண்காணிப்பில் நடக்க வேண்டும், ஏனெனில் சர்க்கரை அதிகம் ஏறாமலே இரத்தம் அமிலமாகும் நிலை அவர்களுக்கு வரக்கூடும்.

பாதாம் மாவு அல்வா, சர்க்கரை இல்லாத ஜாங்கிரி போன்ற மாற்றுப் பண்டங்களைப் பலர் பரிந்துரைப்பார்கள். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. அல்வா தின்ற நிறைவும் கிடைப்பதில்லை, தின்னாமல் இருந்த பெருமையும் கிடைப்பதில்லை, நாக்கு மட்டும் இனிப்பை மறக்காமல் வைத்துக்கொள்கிறது. வாரத்துக்கு ஒருமுறை கட்டுப்பாட்டைத் தளர்த்திச் சாப்பிடும் வேளையை, சீட் மீல் என்று, வைத்துக்கொள்வதும் என்னைப் போன்றவர்களுக்கு ஒத்துவருவதில்லை. ஆண்டுக்கு ஐந்தாறு நாட்களை முதலிலேயே குறித்துவைத்துக்கொண்டேன். தம்பி திருமணம் கட்டாயம் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டிய நாள்தான்.

நீங்கள் பயப்பட வேண்டியது வீட்டுக்கு வரும் எவர்சில்வர் தூக்குகளுக்குத்தான். கல்யாண வீட்டில் மிஞ்சிய லட்டும் முறுக்கும் அதிரசமும் பத்து நாள் அலமாரியில் இருக்கும், ஒவ்வொரு முறை தண்ணீர் குடிக்கப் போகும்போதும் கண்ணில் படும். மறுவீடு முடிந்த அன்று இரவே எங்கள் பங்கை அடுக்ககத்தின் காவலாளி வீட்டுக்கும் வேலைக்கு வரும் அம்மாவுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுமாறு மனைவியிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். மறுநாள் காலையில் வழக்கமான முட்டையும் உப்புப் போட்ட மோரும்தான். உடல் நீரை விடும்போது உப்பும் சேர்ந்து போவதால் மோரில் உப்பு இல்லையென்றால் எனக்கு மூன்றாம் நாள் தலைவலி வந்துவிடும். தாம்பூலப் பைகளிலிருந்து தேங்காய்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏழு தேங்காய் சேர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு இல்லாமல் வீட்டில் சொதி வைத்து, சோறு இல்லாமல் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தேன். தவசுப்பிள்ளையின் பக்குவம் வரவில்லை, எலுமிச்சம்பழம் சற்றுக் கூடிவிட்டது.