பொதுவான பில்ட் கோப்பைத் திருத்தினால் எல்லாத் திட்டங்களும் ஏன் உடைகின்றன?

மதுரை இலந்தைக்குளத்தில் பணிபுரியும் நண்பர், எட்டு மென்பொருள் திட்டங்களுக்கும் பொதுவான, நிரலைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் (பில்ட்) கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் கோப்பில் ஒரு வரியைத் திருத்தியதும் எட்டும் ஒருசேரத் தோல்வியடைவது ஏன் என்று கேட்டிருக்கிறார்.

ஒவ்வொரு திட்டமும் அந்தக் கோப்பை ‘மெயின்’ எனும் முதன்மைக் கிளையின் பெயரால் அழைப்பதே பெரும்பாலும் காரணம். அப்படி அழைத்தால், அங்கே சேரும் எந்தத் திருத்தமும் யாரும் சோதிக்கும் முன்பே அடுத்த பில்டில் எல்லோரையும் சென்றடைந்துவிடும். உங்கள் கோப்பைக் கிளையின் பெயருக்குப் பதிலாக ‘வி1’ போன்ற டேகால் (ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு இடும் பெயர்) அழைத்தால் போதும். ஆனால் டேகையும் இடம் மாற்றலாம் என்பதால், வெளியார் எழுதிய ஆயத்தப் படிகளான ஆக்‌ஷன்களை முழுக் கமிட் ஹாஷால் (கமிட் எனப்படும், பதிவான ஒரு திருத்தத்தின் மாறாத அடையாளக் குறி) அழைப்பதையே நான் வலியுறுத்துவேன்: 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸ் தொகுப்பொன்றின் டேகுகளைத் தாக்குநர்கள் தீய கமிட்டுக்குத் திருப்பியபோது, டேகை நம்பியவர்களே சிக்கினார்கள்.

பில்ட் ஓடும் இயங்குதளத்தைக் குறிக்கும் ‘உபுண்டு-லேட்டஸ்ட்’ என்பதும் நகரும் பெயர்தான். அது 22.04இலிருந்து 24.04க்கு மாறியது, ஆகவே பதிப்பு எண்ணையே எழுதுங்கள்.

இப்போதைக்குப் பழைய நிலைக்குத் திரும்பி, திருத்தத்தைத் தனிக் கிளையில் வைத்து, ஒரே ஒரு சிறு திட்டத்தை மட்டும் அதை அழைக்கச் செய்து ஓட்டிப் பாருங்கள். கடவுச்சொற்கள் போன்ற ரகசியங்கள் பொதுக் கோப்புக்குத் தாமாகச் செல்வதில்லை. அழைக்கும் இடத்தில் அவற்றை வெளிப்படையாக ஒப்படைத்திருக்கிறீர்களா என்பதையும் சரிபாருங்கள்.