மார்ச் மாதமே இப்படிக் கொளுத்துகிறதே, தருமபுரி – கிருஷ்ணகிரியில் கோடை இடிமழை எப்போது வரும்? வெயில் கூடினால் மழை வரும் என்பது உண்மையா?

கேள்வி கேட்டவர் அரூர்க்காரர், ஓசூரில் வேலை பார்க்கிறவர். "இந்த வெயிலுக்கு மழை கட்டாயம் வரும்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. பதினைந்து நாள் ஆச்சு, அரூர்ல ஒரு சொட்டு இல்லை. ஓசூர்ல மட்டும் பெய்யுது" என்று எழுதியிருக்கிறார். ஊர்க்காரர்கள் சொல்வது பாதிதான் சரி. அடுப்பு நன்றாக எரிகிறது, உலையில்தான் தண்ணீர் இல்லை.

நான் வானிலை படித்தவன் இல்லை. காவேரிப்பட்டணம் பக்கம் கொஞ்சம் மாமரம் உண்டு, மாடியில் ஒரு மழைமானி உண்டு, ஏழெட்டு வருடமாக அதில் விழுந்ததை நோட்டில் குறித்துவைக்கும் பைத்தியமும் உண்டு. வாட்ஸ்அப்பில் எங்களைப் போன்ற வானிலைப் பைத்தியங்கள் முப்பது நாற்பது பேர் கூடியிருக்கிறோம். பங்குனி பிறந்துவிட்டால் குழுவில் தூக்கம் கிடையாது. "தளி பக்கம் கட்டி நிக்குது" என்று ஒருவர் போடுவார், "போச்சம்பள்ளிக்கு இந்த வருஷமும் நாமம்தான்" என்று இன்னொருவர் அழுவார். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இன்றைக்கு எத்தனை டிகிரி என்று பார்ப்பதை விட்டுவிட்டுக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று பாருங்கள்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது செயலி எதுவும் இல்லை, எங்கள் அம்மாவும் ஒரு மண்பானையும்.

மூன்று வருடம் முன்பு, மார்ச் கடைசி வாரம். புளி உலுக்கி, ஓடு நீக்கி, மாடி முழுக்கக் காயப்போட்டிருந்தோம். காலையில் அம்மா தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, "பானைத் தண்ணி ரெண்டு நாளா சில்லுனே இல்லடா. காத்தும் கீகாத்தா திரும்பிடுச்சு. புளிய வாரி உள்ள போட்டுடு" என்றார். நான் செல்போனைத் திறந்து காட்டினேன். மழையைக் கணிக்கும் இரண்டு கணினி மாடலிலும் கிருஷ்ணகிரிக்கு நேராகச் சுத்தமான பூஜ்யம். "எந்த மாடல்லயும் மழை இல்லம்மா, இன்னும் ரெண்டு வெயில் காயட்டும்" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. சாக்கை எடுத்துப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மாலை ஐந்தே முக்காலுக்கு முதலில் புழுதி வந்தது. பின்னாலேயே துளி, ஒவ்வொன்றும் எட்டணாக் காசு அகலம். நானும் தம்பியும் மாடியேறி இரண்டு சாக்கு வாருவதற்குள் மீதி எல்லாம் குளித்துவிட்டது. மழைமானியில் 18 மில்லிமீட்டர். நனைந்த புளி கறுத்துப்போய், வியாபாரி விலையில் கைவைத்துவிட்டார். அம்மா இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலாம்.

சரி, பானைக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? மண்பானை வியர்க்கும். அந்த வியர்வை ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று காய்ந்திருந்தால் வேகமாக ஆவியாகும், தண்ணீர் பல்லைக் கூசும். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் ஆவியாவது மந்தமாகிவிடும், தண்ணீர் வெதுவெதுப்பாகவே கிடக்கும். வெயில் கூடியதால் பானை சூடாகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டால் நேர்மாறாக வருகிறது. வெப்பம் 39 டிகிரி இருக்கும் காய்ந்த நாளில் பானை சுமார் 23 டிகிரி வரைகூட இறங்கலாம், 37 டிகிரி இருக்கும் ஈரமான நாளில் 26க்குக் கீழே இறங்காது. அந்த மூன்று டிகிரியைத்தான் அம்மாவின் தொண்டை கண்டுபிடித்தது. ஏர் கூலர் வைத்திருப்பவர்களுக்கும் இது தெரியும். திடீரென்று ஒருநாள் கூலர் வெறும் ஃபேன் ஆகிவிடும்.

இதையே கருவியில் பார்க்க வேண்டுமென்றால் டியூ பாயிண்ட், தமிழில் பனிநிலை. காற்றைக் குளிரவைத்துக்கொண்டே போனால் எத்தனை டிகிரியில் அதிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்குமோ, அதுதான் அது. காற்றில் ஈரம் கூடினால் இதுவும் கூடும். ஈரப்பத சதவீதத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். காலையில் 70 சதவீதம், மதியம் 23 சதவீதம் என்று அது ஆடும், ஆனால் காற்றில் உள்ள தண்ணீர் ஏறக்குறைய அதேதான். டியூ பாயிண்ட் அப்படி ஆடாது. நம் பகுதிக்கு என் நோட்டு சொல்லும் கணக்கு இது: 15க்குக் கீழே இருந்தால் வானத்தைப் பார்க்கவே வேண்டாம், 18 தாண்டினால் மொட்டை மாடிக்குப் போகலாம், 20க்கு மேல் இரண்டு நாள் நின்றால் புளியை வாரிவிடலாம்.

இதில் ஒரு எளிய கணக்கும் உண்டு. வெப்பத்துக்கும் டியூ பாயிண்ட்டுக்கும் உள்ள இடைவெளியை 125ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிப்பாகம் எத்தனை மீட்டர் உயரத்தில் உருவாகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 39 டிகிரி வெயில், டியூ பாயிண்ட் 14 என்றால் 3,125 மீட்டர். 37க்கு 21 என்றால் 2,000 மீட்டர்தான். மூன்று கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மேகம் பிறந்து மழை பெய்தால் அந்தத் துளி வழியிலேயே காய்ந்துபோகும். மேகத்துக்குக் கீழே சாம்பல் நிறத் தாடி தொங்கும், தரைக்கு வராது. பார்த்திருப்பீர்கள்.

அந்தத் தாடிதான் மாங்காய்க்காரனுக்கு எமன். துளி ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த காற்று கனம். அது தொப்பென்று கீழே விழுந்து நாலாபக்கமும் சிதறுகிறது. சீசனின் முதல் ஒன்றிரண்டு இடி பெரும்பாலும் இப்படித்தான் வரும். மழை இரண்டு மில்லிமீட்டர் இருக்கும், காற்று தோப்பையே உலுக்கிவிட்டுப் போகும். பிஞ்சு எலுமிச்சை அளவு வந்திருக்கும் நேரம் அது. மறுநாள் காலை மரத்தடியில் பெங்களூரா மாங்காய் கொட்டிக் கிடப்பதைக் குனிந்து பொறுக்கும்போது "மழை வந்துச்சா?" என்று யாராவது போன் செய்தால் பதில் சொல்லத் தோன்றாது. அதனால்தான் முதல் மழைக்கு எல்லோரும் ஏங்கும்போது நான் மட்டும் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். வரட்டும், டியூ பாயிண்ட் ஏறிய பிறகு வரட்டும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்தது. வடமேற்கிலிருந்து தக்காணத்தைத் தாண்டி வரும் மேல்காற்று வறண்டது. வங்கக் கடலிலிருந்து வரும் கீழ்காற்று ஈரத்தைச் சுமந்து வரும். வானிலை மையத்தின் அறிக்கையில் "மேற்கு திசை காற்றும் கிழக்கு திசை காற்றும் சந்திக்கும் பகுதி" என்று ஒரு வரி வரும். அநேகம் பேர் தாண்டிப்போகும் வரி, கோடையில் எனக்கு முக்கியமான வரி. இந்தச் சந்திப்புக் கோடு பல நாள் மகாராஷ்டிரத்திலிருந்து கர்நாடகத்தின் உள்பகுதி வழியாகத் தமிழ்நாடு வரை நீளும். அது நம் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்தால் இரண்டு காற்றும் மோதி மேலே ஏறும், வெப்பச்சலனம், அதாவது தரைச்சூட்டில் காற்று மேலெழுவது, மீதியைப் பார்த்துக்கொள்ளும். கோடு தள்ளிப்போய்விட்டால் 40 டிகிரி அடித்தாலும் நீல வானம்தான்.

வெயில்தான் மழையைக் கொண்டுவரும் என்றால் 2024 ஏப்ரலில் நாம் வெள்ளத்தில் மிதந்திருக்க வேண்டும். அந்த மாதம் பக்கத்தில் பெங்களூரு நகர நிலையத்தில் அளக்கும்படி மழையே பதிவாகவில்லை. என் நோட்டிலும் அந்தப் பக்கம் வெறும் கோடு கோடாக இருக்கிறது. பெங்களூராவும் நீலமும் அந்த வருடம் எப்படிக் காய்த்தன என்று கிருஷ்ணகிரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஓசூருக்குப் பெய்கிறது, அரூருக்கு இல்லையே என்ற உங்கள் வயிற்றெரிச்சலுக்கும் காரணம் உண்டு. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி 500 சொச்சம், தருமபுரி இன்னும் கீழே. பெங்களூரு, கோலார் பக்கம் மூன்று மணிக்கு வளர்கிற மேகம் ஓசூரை எளிதில் பிடித்துவிடும். அங்கே ஆலங்கட்டி கரையாமல் தரைக்கு வருவதற்கும் அந்த உயரம் கொஞ்சம் உதவுகிறது. அதே மேகம் சூளகிரி தாண்டி மேலுமலை இறங்கும்போது பல நாள் மூச்சை விட்டுவிடும். எங்கள் குழுவில் அதற்குப் பெயரே "மேலுமலை டோல்கேட்". அரூருக்கு மழை கொடுப்பது வேறு கூட்டம். சேர்வராயன் மலையிலோ ஜவ்வாது மலையிலோ சித்தேரிப் பக்கமோ பிறந்து, மேலடுக்குக் காற்று தள்ளும் திசையில் நகர்ந்து வருபவை. ஓசூர் ஆபீஸ் ஜன்னலில் மழையைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டுக் கேட்பதில் அர்த்தமே இல்லை.

"ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை" என்று சொன்னார்கள், எங்கள் ஊரில் வரவில்லை, வானிலை மையம் பொய் என்று திட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஓரிரு இடங்கள்" என்றால் அந்தப் பகுதியின் நிலையங்களில் கால்பங்குக்கு மேல் மழை இருக்காது என்று அர்த்தம். மீதி முக்கால் பங்கு காயும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். "சில இடங்களில்" என்றால் பாதி வரை. அதேபோல வெயில் கொஞ்சம் அடித்தாலே "வெப்ப அலை" என்று பதிவு போடுகிறார்கள். சமவெளியில் அதற்கு வெப்பம் 40ஐத் தொட வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடவும் இருக்க வேண்டும். மார்ச்சில் 38 என்பது கடும் வெயில், அவ்வளவுதான்.

ரேடாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் சென்னை ரேடார் படத்தைப் பார்த்து "ஒண்ணுமே இல்லை" என்று முடிவு கட்டுகிறோம். சென்னையிலிருந்து கிருஷ்ணகிரி நேர்கோட்டில் சுமார் 230 கிலோமீட்டர். பூமி உருண்டை என்பதால் இங்கே வரும்போது அந்தக் கதிர் ஐந்து கிலோமீட்டருக்கு மேலே போய்விடும். வளர்ந்து நிற்கும் மேகத்தின் தலையைத்தான் அது பார்க்கும், குட்டி மேகம் பெய்வது அதன் கண்ணில் படாது. எனக்கு மதியத்துக்கு மேல் இன்சாட் செயற்கைக்கோள் படமும், மின்னலுக்குத் தாமினி செயலியும் போதும். அப்புறம் இருட்டியதும் ஈசானி மூலை. அங்கே மின்னினால் எங்கள் அம்மா கொடியில் காயும் துணியை எடுத்துவிடுவார், நானும் இப்போதெல்லாம் கூடப் போய் எடுக்கிறேன்.

எப்போது வரும் என்பதற்கு என்னால் தேதி சொல்ல முடியாது. என் நோட்டின்படி மார்ச்சில் பெய்வது லாட்டரி. ஏப்ரல் பாதிக்கு மேல்தான் கணக்குத் தொடங்கும். மே மாதம் நம் இரண்டு மாவட்டத்துக்கும் உண்மையிலேயே மழை மாதம், செப்டம்பர், அக்டோபருக்கு அடுத்தபடியாக அதைத்தான் நம்பலாம். கத்தரி வெயில் என்று நாட்காட்டி பயமுறுத்தும் நாட்களில் இங்கே பல வருடம் மாலை மழையில் வெப்பம் இறங்கியிருக்கிறது. சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று நம் ஆட்கள் ஏர் பூட்டுவதும் இந்த மழையை நம்பித்தான்.

மாடியில் நின்று மேகம் பார்ப்பவர்களுக்கு ஒன்று: மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டுவிட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். வீடியோவை நிறுத்திவிட்டு இறங்குங்கள். மாமரத்தடியில் ஒதுங்கவே வேண்டாம்.

இதை எழுதும்போது மாலை நான்கு மணி. வெப்பம் 38, டியூ பாயிண்ட் 13, மேல்காற்று. பானைத் தண்ணீர் இப்போதுதான் குடித்தேன், பல் கூசுகிறது. இந்த வருடப் புளி மாடியிலேயே கிடக்கிறது. சாக்கு படிக்கட்டில் இருக்கிறது.