கௌரவ டாக்டர் பட்டத்துக்குக் கட்டணம் கேட்டால்…

கேள்வி: எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கம். அப்பா அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரி தூர்வாருவது, ரத்ததான முகாம் என்று ஏதாவது ஊர் வேலையில் இருப்பார். அமெரிக்காவில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் தரப்போவதாக, தெரிந்தவர் ஒருவர் கடிதம் கொண்டுவந்தார். ஓசூரில் ஒரு ஓட்டலில் விழா. 'பதிவுக் கட்டணம்' 35,000 ரூபாய். அப்பா 5,000 முன்பணம் கொடுத்துவிட்டார். நாங்கள் இந்துக்கள், எங்களுக்கு அந்தப் பட்டம் தருவார்களா? தை மாதம் தங்கை கல்யாணம். பத்திரிகையில் அப்பா பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாமா?

பதில்: மீதி 30,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். முதலில் அதை அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்து மற்றதைப் படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய கடிதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே சிலுவையும் கழுகும் சேர்ந்த ஒரு முத்திரை. கீழே 'சான்சலர்' என்று ஒரு கையெழுத்து; ஆள் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. தொடர்புக்கு ஜிமெயில் முகவரி. பணம் போகவேண்டியது ஒரு தனிமனிதரின் ஜிபே எண்ணுக்கு. கட்டணத்தில் கறுப்பு அங்கி வாடகை, மெடல், வீடியோ, இரண்டு பேருக்குச் சாப்பாடு எல்லாம் அடக்கம். கடைசி வரிதான் உச்சம்: 'எந்தத் துறையில் பட்டம் வேண்டும் என்பதைத் தாங்களே எழுதி அனுப்பவும்.' பட்டம் வாங்குகிறவரே துறையைத் தேர்ந்தெடுக்கிற பல்கலைக்கழகம் எங்கும் கிடையாது.

உண்மையான கௌரவப் பட்டத்துக்குப் பின்னால் ஒரு தீர்மானம் இருக்கும். யாரோ பெயரை முன்மொழிந்திருப்பார்கள், ஒரு குழு உட்கார்ந்து பேசியிருக்கும், பேசியது பதிவாகியிருக்கும். நம் ஊர் அரசுப் பல்கலைக்கழகங்களில் சிண்டிகேட், செனட் என்ற நிர்வாகக் குழுக்கள், அதற்குமேல் வேந்தரின் ஒப்புதல். 2023இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் சுதந்திரப் போராட்ட வீரர் என். சங்கரய்யாவுக்கு இந்தப் பட்டம் தர முடிவு செய்தது. வேந்தரான ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. அந்த நவம்பரில் சங்கரய்யா காலமாகிவிட்டார். அதன் அரசியல் இருக்கட்டும். நூறு வயதைக் கடந்த, ஊரறிந்த ஒரு தலைவருக்கே ஒரு கையெழுத்து இல்லாததால் பட்டம் நின்றது என்பதைப் பாருங்கள். உங்கள் அப்பாவுக்கு மட்டும் ஜிபேயில் கிடைக்குமா?

கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த விஷயம் இன்னும் கறார். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1842இல் தொடங்கப்பட்ட நோட்ர டாம் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960 பட்டமளிப்பு விழாவில் அங்கே கௌரவப் பட்டம் பெற்றவர்களில் மூன்று பேர்: அதிபர் ஐசனோவர், லாவோஸ் கிராமங்களில் வைத்தியம் பார்த்த டாம் டூலி என்ற இளம் மருத்துவர், மிலான் நகரக் கர்தினால் மொந்தீனி. மூன்று வருடத்தில் மொந்தீனி ஆறாம் பவுல் என்ற பெயரில் போப் ஆனார். ஐசனோவர் கத்தோலிக்கர் அல்ல, பிரெஸ்பிடேரியன் சபைக்காரர். ஆகவே மதம் தடையில்லை. உங்கள் முதல் கேள்விக்கு இதுவே பதில்.

ஆனால் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். 2004இலேயே அமெரிக்க ஆயர்கள் (பிஷப்புகள்), திருச்சபையின் அடிப்படை ஒழுக்கநெறிகளுக்கு எதிராகச் செயல்படுகிறவர்களைக் கத்தோலிக்க நிறுவனங்கள் கௌரவிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். 2009இல் நோட்ர டாம் அதிபர் ஒபாமாவுக்குப் பட்டம் கொடுத்தபோது, கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவருக்கா என்று பெரிய ரகளை. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மறைமாவட்ட ஆயரே விழாவுக்குப் போகவில்லை. அதே மேடையில் பல்கலைக்கழகத்தின் உயரிய பதக்கத்தைப் பெறவேண்டிய சட்டப் பேராசிரியை மேரி ஆன் கிளெண்டன், வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டார். கொடுத்ததைத் திரும்ப வாங்கியதும் உண்டு. பாலியல் குற்றச்சாட்டில் சிக்கிய நடிகர் பில் காஸ்பிக்குக் கொடுத்த பட்டத்தை ஃபோர்டம், மார்க்கெட் (Marquette) என்ற இரண்டு சேசு சபை (ஜெசுயிட்) பல்கலைக்கழகங்கள் 2015இலும், நோட்ர டாம் 2018இலும் ரத்து செய்தன. அதே மாதிரி குற்றச்சாட்டில் சிக்கிய மெக்காரிக், கர்தினாலாக இருந்தவர். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2018இல் அவருடைய பட்டத்தையும் பறித்தது. உங்கள் ஓட்டல் விழாக்காரர்கள் எதையாவது ரத்து செய்து நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

இனி எப்படி விசாரிப்பது என்று பார்ப்போம். 'கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்' என்று யார் வேண்டுமானாலும் பெயர் வைத்துக்கொள்ள முடியாது. 1983 திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 808ஆம் விதிப்படி அதற்குத் திருச்சபை அதிகாரியின் சம்மதம் வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டமும் தர்மபுரி மறைமாவட்டத்தில்தான் வருகிறது. தர்மபுரி ஆயர் இல்லத்துக்கு ஒரு நடை போய்க் கேட்கலாம். இல்லையென்றால் எலத்தகிரியில் பங்குச் சாமியாரிடம் கடிதத்தைக் காட்டுங்கள். எந்தத் துறவற சபை நடத்துகிறது, எந்த மறைமாவட்டத்தில் இருக்கிறது என்று அவர் கேட்பார். கடிதத்தில் அந்த இரண்டுமே இல்லை. அமெரிக்கக் கல்வித்துறையின் இணையதளத்தில், அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலிலும் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

இந்தியப் பல்கலைக்கழகம் என்று சொன்னால் வேலை இன்னும் சுலபம். 1956ஆம் வருட யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும், நிகர்நிலை அந்தஸ்து பெற்றதும், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனமும் மட்டுமே பட்டம் தரலாம். தர்மபுரி டான் பாஸ்கோ கல்லூரி கத்தோலிக்கர்கள் நடத்துவதுதான், ஆனால் அங்கே படித்தவருக்குப் பட்டம் தருவது சேலம் பெரியார் பல்கலைக்கழகம். யுஜிசி வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் குண்டூரின் 'கிறைஸ்ட் நியூ டெஸ்டமென்ட்', விசாகப்பட்டினத்தின் 'பைபிள் ஓபன் யுனிவர்சிட்டி' என்ற பெயர்கள் இடம்பெற்றிருக்கின்றன; பெயரில் பக்தி இருப்பதால் ஏமாந்துவிட வேண்டாம். 22ஆம் பிரிவை மீறினால் அந்தச் சட்டத்தில் அபராதம் 1,000 ரூபாய் வரைதான். ஒரு ஆளிடம் 35,000 வசூலிக்கிறவர் அதற்கா பயப்படுவார்?

மண்டபத்தைப் பார்த்தும் நம்பாதீர்கள். 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கத்திலேயே ஒரு தனியார் அமைப்பு, சினிமாப் பிரபலங்கள் உட்படப் பலருக்கு 'கௌரவ டாக்டர்' பட்டம் கொடுத்தது. தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பல்கலைக்கழகம் போலீசுக்குப் போனது. அந்த வளாகத்துக்கே அந்த நிலைமை என்றால் ஓசூர் ஓட்டல் ஹாலை என்ன சொல்வது?

கல்யாணப் பத்திரிகை விஷயத்துக்கு வருகிறேன். நிஜமான பட்டமே கிடைத்திருந்தாலும் 'டாக்டர்' போடவேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். கௌரவப் பட்டம் என்பது மரியாதை. படித்து, ஆய்வு செய்து வாங்கிய முனைவர் பட்டத்துக்கு அது ஈடாகாது, வேலைக்கோ பதவி உயர்வுக்கோ உதவாது. 1971இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கொடுத்த பிறகு 'டாக்டர் கலைஞர்' என்றே சுவரெல்லாம் எழுதிப் பழகிவிட்ட மாநிலம் இது, அதனால் நான் சொல்வது கொஞ்சம் கஞ்சத்தனமாகத் தெரியலாம். நோட்ர டாமில் 35 வருடம் தலைவராக இருந்த ஹெஸ்பர்க் சாமியாருக்கு சுமார் 150 கௌரவப் பட்டங்கள் கிடைத்தன, கின்னஸ் சாதனை; கடைசிவரை அவரை எல்லோரும் 'ஃபாதர் டெட்' என்றுதான் கூப்பிட்டார்கள். 'தலைமை ஆசிரியர் (ஓய்வு)' என்று அச்சடியுங்கள். உங்கள் ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்களாக இருப்பார்கள்.

கடிதம் கொண்டுவந்தவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் அவரும் முன்பு பணம் கட்டி ஃப்ளெக்ஸ் வைத்தவராகத்தான் இருப்பார். 'பல்கலைக்கழகத் தீர்மானத்தின் நகலும், அவர்களுடைய அதிகாரப்பூர்வ மெயிலிலிருந்து ஒரு வரியும் வரட்டும், பிறகு பார்க்கலாம்' என்று அப்பாவையே வாட்ஸப்பில் எழுதச் சொல்லுங்கள். பதில் வராது, அல்லது 'கடைசித் தேதி நாளை' என்று அவசரப்படுத்துவார்கள். முன்பணத்தை எழுத்திலேயே திருப்பிக் கேளுங்கள். ஜிபே ரசீது, கடிதம், வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம். ஆன்லைனில் போன பணம் என்றால் 1930 எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குப் புகார் சொல்லலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்கு அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், கிருஷ்ணகிரி எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக ஒரு மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.